பதிலை எதிர்நோக்கி

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்கு ஒரு இங்கிலீஷ் வாக்கியம் வரும். 'லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை.' தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்நோக்கியிருக்கிறோம் என்று அர்த்தம். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் டைப்பிஸ்டாக இருந்தேன். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நான் அடித்த கடிதமெல்லாம் இதில்தான் முடியும். சரக்கு அனுப்பினோம் என்றாலும் இதுதான், அனுப்ப முடியாது என்றாலும் இதுதான். கன்னாபின்னாவென்று சண்டை போட்டு எழுதும் கடிதத்தின் கடைசியிலும் அதே ஆவல். முதலாளியோ வந்த பதில்களைப் பிரிக்காமல் மேஜையில் போட்டு வைத்திருப்பார். "அது சும்மா மரியாதைக்கும்மா. கையெழுத்துக்கு மேல ஏதாச்சும் இருக்கணும் இல்ல?" என்பார்.

இதை வீட்டில் சொல்லிச் சிரித்தபோது அப்பா சிரிக்கவில்லை. அப்பா நெசவாளி. எங்கள் வீட்டு முன்கட்டிலேயே அவருடைய குழித்தறி இருந்தது.

"மனசுல இல்லாதத எதுக்கும்மா எழுதுறீங்க?" என்று கேட்டார்.

"ஊர் உலகமே அப்பிடித்தாம்பா எழுதுது" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

அந்த வருஷம் மெட்ராசிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன், அவன் அம்மா, ஒரு மாமா. மாமா பஜ்ஜியை விட்டுவைக்கவில்லை. பையனும் ஏதோ ஆபீசில் டைப்பிஸ்ட்தான். "நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பீங்க?" என்று என்னைக் கேட்டான். நாற்பத்தைந்து என்றேன். "நான் முப்பதுதான். ஆபீஸ்ல சொல்லிடாதீங்க" என்று சிரித்தான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. அந்தக் காலத்தில் அதை யாரிடமும் சொல்ல முடியாது, இப்போது சொல்கிறேன்.

கிளம்பும்போது வாசற்படியில் அவன் அம்மா, "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்றார். பெண்ணைப் பெற்றவர்களுக்கெல்லாம் இதன் பொருள் தெரியும். பிடித்திருந்தால் நாலு வார்த்தை அங்கேயே பேசியிருப்பார்கள். என் அம்மா தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள். அப்பா மட்டும் அதை அப்படியே நம்பினார். நெய்யப் பாவு நூல் அனுப்புகிறேன் என்று அவருக்கு வேலை தரும் முதலாளி சொன்னால் பாவு வந்து சேரும். நெய்து தருகிறேன் என்று இவர் சொன்னால் புடவை போய்ச் சேரும். அவருக்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான்.

நம்பியதோடு நிற்கவில்லை. கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு, சொந்தமாகப் பட்டு வாங்கி, என் முகூர்த்தப் புடவைக்குத் தறியில் பாவு ஏற்றிவிட்டார். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. எங்கள் ஊர்ப் புடவையில் கரைக்கு வேறு நிற நூல் ஓடுவதால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் கோத்த நாடாக் கட்டையைத் தள்ளித் தரவேண்டும். வழக்கமாக அம்மாதான் உட்காருவாள். இந்தப் புடவைக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"லெட்டரே வரல, அதுக்குள்ள இன்னாத்துக்கு இந்த அவசரம்?"

"போடுறேன்னு சொல்லிக்கினுதான போயிருக்காங்க. வரும்" என்றார் அப்பா.

அதனால் நான் உட்கார்ந்தேன். கடைக்குப் போகும்முன் தினமும் காலையில் என் கல்யாணப் புடவையின் கரைக்கு நானே நாடா தள்ளினேன். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அப்பாவின் கை நின்றுவிடும். மணி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும் மறுபடி தறி ஓடும்.

புடவை முக்கால்வாசி வளர்ந்தபோது அப்பா சொன்னார்: "நீயே இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் அடிம்மா. படிச்சவங்க, மதிப்பாங்க. கடைசியில அந்த ஆவலா இருக்குறத மறக்காம போடு."

"பொண்ணு வூட்டுக்காரங்க வலியப் போய் எழுதுவாங்களா? ஊரு சிரிக்கும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடையில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் அடித்தேன். நலம், நலமறிய ஆவல், தங்கள் முடிவைத் தெரிவிக்கவும், அவ்வளவுதான். அந்தக் கடைசி வரி வந்ததும் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து அடிக்கிற விரல்கள் தடுமாறின. எத்தனையோ நூறு தடவை அடித்த வரியை மனசார அடித்தது அந்த ஒரு தடவைதான். அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார்.

புடவையைத் தறியிலிருந்து அறுத்த வாரம் பதில் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. அப்பாவுக்கு வரிவரியாகப் படித்துச் சொன்னேன். பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வருகிறார்கள். தெரிந்தவர்கள் என்ற முறையில் நாங்கள் கூட இருந்து நல்ல புடவையாகப் பார்த்து எடுத்துத் தர வேண்டும். கடைசி வரியில் வந்து நின்றுவிட்டேன்.

"அங்க இன்னா போட்டுக்கிது?" என்றார் அப்பா.

"நம்மளப் பாக்க ஆவலா இருக்காங்களாம்பா."

அவன் அம்மாவும் மாமாவும்தான் வந்தார்கள். அப்பா முகம் கோணாமல் கடை கடையாக அழைத்துப் போனார். எல்லாம் எடுத்த பிறகும் முகூர்த்தத்துக்கு மட்டும் ஒன்றும் மனசுக்குப் பிடிக்கவில்லையாம். காபி குடிக்க வீட்டுக்கு வந்த இடத்தில் அலமாரியில் மடித்து வைத்திருந்த மாம்பழப் புடவை அந்த அம்மாள் கண்ணில் பட்டது.

"இதுமாதிரி ஒண்ணு எங்கியும் பாக்கலையே! இது யாருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். அவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன், நான் சொல்லட்டும் என்று அவர் இருந்தார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவே இல்லை.

"விக்கிறதுக்குத்தாங்க" என்றேன் நான்.

"அப்படின்னா உன் தோள்மேல ஒரு தடவை போட்டுக் காட்டும்மா. அந்தப் பொண்ணும் உன் நிறம்தான்."

போட்டுக் காட்டினேன். அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். அப்பா தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் தறியில் அப்போது ஒரு இழை நூல்கூட இல்லை.

புடவையை வாங்கிக்கொண்டு அவர்கள் போன பிறகு அப்பா வெறும் தறியின் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில், நாடா தள்ளுகிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் தறிக்கட்டையைத் துண்டால் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"எப்படியோ, சொன்ன மாதிரி லெட்டர் போட்டுட்டாங்கம்மா."