சீட் பெல்ட்டில் காய்ந்திருந்த சேறு

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவனும் முதலில் கார் வாங்கியவனும் நான்தான். மூட்டுவலியால் பஸ் ஏற முடியாத அம்மாவுக்காக, செலவில்லாமல் ஓடும் பழைய சி.என்.ஜி. கார் தேடினேன். எங்கும் ஹிந்தியே கேட்கும் இந்த ஊரில், மயூர் விஹார் பக்கம் பழைய கார் விற்கும் குமரேசன் தமிழில் பேசியதுமே உருகிவிட்டேன்.

"நம்மாளுங்களுக்குள்ள எதுக்குத் தம்பி மெக்கானிக்கு, செக்கிங்கு?" என்றார். அப்படியே வாங்கிவிட்டேன்.

முதல் வாரமே அம்மாவோடு போகும்போது மேம்பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி எங்களை இடிக்காமல் நின்றது அதிர்ஷ்டம்தான். ஒர்க் ஷாப்பில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், காய்ந்த சேறு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் துடைத்து விற்றிருக்கிறார்.

போய்க் கேட்டதற்குச் சிரித்தார். "படிச்ச பையன், பார்த்து வாங்க வேண்டாமா? ஜாவ் பையா, கிளம்பு, வியாபார நேரம்."

இப்போது ஞாயிறுதோறும் அவர் கடைக்குத்தான் போகிறேன். கார் பார்க்க வரும் குடும்பங்களிடம் நடந்ததைச் சொல்லி, அவர்கள் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துக் காட்டுகிறேன்.

போன வாரம் குமரேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் வண்டியை நானே திருப்பி எடுத்துக்கிறேன், விட்டுடுப்பா."

"ஒண்ணும் அவசரமில்லண்ணே, அந்த வரிசையில நிக்கிற காரையெல்லாம் இன்னும் பார்க்கல" என்றேன்.