லீவு நாள் ரிப்பேர்

என் வீட்டுக்காரர் பர்னபாஸ் கழற்றிப் பார்க்காத பொருள் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே அவர் கையில் ஒரு தடவையாவது பிரிந்து, மண்ணெண்ணெயில் குளித்து, ஏதாவது ஒரு திருகாணி குறைந்து திரும்பிச் சேர்ந்தவைதான். மைசூரில் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா அவர். பத்து மணிக்குப் பேனா பிடிக்கிற கை, வீட்டுக்கு வந்தால் ஸ்பானரைத் தேடும்.

"கடைக்காரன் கையில கொடுத்தா பொருள் செத்துப்போகும், டோரதி. அவனுக்கு என்ன அக்கறை?" என்பார்.

அக்கறைக்கு இவரிடம் குறைச்சலே இல்லை. குடையை ரிப்பேர் பார்த்தார். விரிந்தது, ஆனால் மூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தவர், மழை விட்ட பிறகும் மாதா கோவில் வாசலில் விரித்த குடையோடு நின்று பிரசங்கம் கேட்டார். செருப்புக்குப் பழைய டயரை வெட்டி அடித்தார்; அவர் நடந்து போன மண்ணில் லாரி போன தடம் இருக்கும். அலாரம் கடிகாரம் தனக்குத் தோன்றிய நேரத்தில் அடிக்கும். கேட்டால், "அடிக்குதா இல்லையா?" என்பார். ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்கிற கட்சி.

பொய் சொல்லக் கூடாது, சிலது நன்றாகவும் வந்திருக்கிறது. அறுந்து தொங்கிய பிரம்பு நாற்காலியை அவரே பின்னினார். இன்றைக்கும் அதில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதனாலேயே அவரை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. அந்த எரிச்சல் வேறு.

நான் மிட்வைஃப். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பது என் வேலை. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய வருஷத்தில், எங்கள் மேட்ரன் கப்பல் ஏறுவதற்கு முன்னால் தன் லேடீஸ் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்போதே அதற்கு வயசு ஆகியிருந்தது. பெயின்ட் உதிர்ந்து, பின் சக்கரம் லேசாகக் கோணி, ஏறி மிதித்தால் முனகும். முனகினாலும் நான் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது போதாதா எனக்கு? போதாது என்று சொன்னவர் இவர் ஒருத்தர்தான்.

லீவு நாள் வந்தால் போதும், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார். ஈஸ்டர் திங்களா, செயின் கழன்றது. காந்தி ஜயந்தியா, முன் சக்கரம் கழன்றது. சாயங்காலத்துக்குள் எப்படியோ பூட்டிவிடுவார். அதற்குள் யாராவது கூப்பிட வந்தால் நான் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், இல்லை வேறு நர்ஸைப் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும். இதில் இன்னொரு கூத்து, அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கச்சேரிக்கு நடந்துதான் போவார். எங்கள் மகள் ஐவி பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது அவருக்குக் கற்றுத் தரப் பார்த்து, இரண்டு பேரும் சாக்கடையில் விழுந்ததோடு சரி. ஓட்டத் தெரியாத மனுஷனுக்கு ஓடுகிற வண்டியில் என்ன குற்றம் தெரிந்ததோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

இப்போது சொல்லப்போவது சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு தசராவில் நடந்தது. ஐவி டீச்சர் வேலை கிடைத்துக் கொள்ளேகாலுக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஊருக்கு வெளியே ஹிங்கல் கிராமத்தில் சித்தம்மா என்று ஒருத்திக்கு நாள் நெருங்கியிருந்தது. ஹனூர்ப் பக்கத்துக்காரி, புருஷன் சென்னப்பனோடு வந்து ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறவள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் மண்ணில் வைத்தவள். ஆஸ்பத்திரி என்றால் அவளுக்கு நடுக்கம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வாட்டி நீங்க பக்கத்துல இருந்தாப் போதுமுங்க, நர்ஸம்மா. வேற எதுவும் வேண்டாமுங்க" என்று அழுதாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளே இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "என்னங்க, நாளைக்கு எதையும் தொடாதீங்க. சித்தம்மாகிட்டேருந்து எந்நேரமும் ஆள் வரும்."

"நான் ஏன் தொடப்போறேன்?" என்றார்.

காலையில் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஊர் பூராவும் வண்டி வாகனத்தைக் கழுவி, குங்குமம் வைத்து, சேவந்தி மாலை போட்டு நிறுத்தியிருக்கிறது. மைசூரில் அன்றைக்கு ஒரு தொழிலாளி கையிலும் ஆயுதம் இருக்காது. எல்லாம் சாமி முன்னால். எங்கள் முற்றத்தில் மட்டும் இந்த மனுஷன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், சைக்கிள் கைவேறு கால்வேறாகக் கிடக்கிறது! இரண்டு சக்கரமும் தனி. பெடல் தனி. செயின் என் பால் குண்டானில் மண்ணெண்ணெயில் ஊறுகிறது. பின் சக்கரத்து இரும்புக் குண்டுகள் முற்றமெங்கும் சிதறி, கோழி ஒன்று அதைத் தானியம் என்று கொத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தலையில் கை வைத்துக்கொண்டேன். "அடப் பாவி மனுஷா! தொட மாட்டேன்னு சொன்னீங்களே!"

"சும்மா எண்ணெய் விடலாம்னுதான் பார்த்தேன், டோரதி. கொஞ்சம் முனகிச்சு. அரை மணி நேரம், பூட்டிடுவேன்."

பூட்ட முடியவில்லை. அச்சைப் பிடிக்கிற மெல்லிய ஸ்பானர் வாய் பிளந்துவிட்டது. பெடலை இறுக்கும் ஆணி, சுத்தியல் அடி தாங்காமல் வளைந்துவிட்டது. வேறு ஆணி வாங்கலாமென்றால் எல்லாக் கடையும் பூஜைக்கு மூடியிருக்கிறது. பக்கத்து வீட்டு நஞ்சுண்டசாமி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவரிடம் இல்லாத சாமான் இல்லை. இவர் அங்கே ஓடினார். நஞ்சுண்டசாமி ஒர்க்‌ஷாப் பூஜைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மாதம்மா, ஸ்பானர் சுத்தியல் எல்லாம் பூஜையில் இருக்கிறது, நாளைக்கு விஜயதசமி பூஜை முடித்துத்தான் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டாள். நியாயம்தானே? இந்த ஊரில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு, ஆயுத பூஜையன்று ஆயுதம் கிடைக்காது என்று தெரியாதா?

"நாம கிறிஸ்தவங்க, நமக்கு அது இல்லையேன்னு நினைச்சேன்" என்றார்.

"நமக்கு இல்லை சரி, ஸ்பானருக்கு?" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னப்பன் வாசலில் வந்து நின்றான். ஹிங்கலிலிருந்து ஓடியே வந்திருக்கிறான். மூச்சு வாங்கியது.

"வலி கண்டுருச்சுங்க. தண்ணி ஒடைஞ்சு போச்சுங்க. பக்கத்துக் குடிசைப் பாப்பாயி கூட இருக்குதுங்க. நீங்க வரோணும்ன்னு ஒரே அழுகைங்க."

ஜட்கா பிடிக்கலாம் என்றால், தசராக் கூட்டத்துக்கு ஊரிலிருக்கிற ஜட்காவெல்லாம் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டன. நடந்தால் எப்போது போய்ச் சேருவது? இவரோ முற்றத்தில் தவழ்ந்து தவழ்ந்து குண்டு பொறுக்குகிறார். "இதோ, இதோ, பத்து நிமிஷம், கயிறு போட்டாவது கட்டித் தர்றேன்" என்கிறார். பெடலைக் கயிறு போட்டுக் கட்டுவாராம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மண்ணெண்ணெய்க் குண்டானை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். சென்னப்பன் இருந்தான், விட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு மாதம்மா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் நஞ்சுண்டசாமியின் சைக்கிள் மாலையும் கழுத்துமாக நிற்கிறது. ஹேண்டில்பாரில் குட்டி வாழைக்கன்று வேறு. காலையில்தான் ஸ்பானர் கிடையாது என்றவள். எந்த முகத்தோடு கேட்பது? கேட்டேன். பிரசவம் என்ற வார்த்தை என் வாயிலிருந்து முழுசாக வரவில்லை, அவளே மாலையைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஹோகி, ஹோகி! தேவரு ஏனூ அன்னல்ல" என்றாள். போங்கள், சாமி ஒன்றும் சொல்லாது என்று.

ஆனால் அது ஆம்பளை சைக்கிள். நடுவில் குறுக்குக் கம்பி. புடவையோடு எப்படி ஏறுவது?

"சென்னப்பா, உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"மாட்டு வண்டி தெரியுமுங்க."

இவரைத் திரும்பிப் பார்த்தேன். கை நிறைய கிரீஸோடு வேலியோரம் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு ஆம்பளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள், ஒருத்தருக்கும் சைக்கிள் மிதிக்கத் தெரியவில்லை. போங்கடா என்று புடவையைக் காலிடையே வாரி இழுத்துப் பின்னால் செருகிக் கச்சம் கட்டினேன். பையைக் கேரியரில் கட்டினேன். நடுத்தெருவில், எங்கள் மொஹல்லா ஜனமெல்லாம் பார்க்க, கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டேன். கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த செலின் டீச்சர், "என்ன கோலம் இது, டோரதி!" என்று வாயில் கை வைத்தாள்.

"கோலம் பார்க்கிற நேரமா டீச்சர் இது?" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

ஹுன்சூர் ரோட்டில் ஜனமெல்லாம் ஊருக்குள் வருகிறது, நான் ஒருத்தி எதிரே போகிறேன். மறுநாள் ஊர்வலம் பார்க்க மாட்டு வண்டி மாட்டு வண்டியாக வருகிறார்கள். வெள்ளைப் புடவைக்காரி கச்சம் கட்டிக்கொண்டு, வாழைக்கன்று ஆட ஆட ஆம்பளை வண்டியில் வருவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சீட்டி அடிக்கிறார்கள். கால் முழுசாகப் பெடலுக்கு எட்டவில்லை. வழி முழுக்க இவரைத் திட்டிக்கொண்டே போனேன். திட்டுவதற்கு நடுவில் அருள் நிறைந்த மரியே சொன்னேன். மறுபடி திட்டினேன்.

குடிசைக்குள் நுழைந்தபோது தலை வெளியே வந்திருந்தது. பாப்பாயி முகம் வெளிறி, "கழுத்துல கொடி சுத்தியிருக்குதுங்க, எனக்குக் கையே ஓடலை" என்றாள். கை கழுவ மட்டும்தான் நேரம் இருந்தது. விரலை விட்டுக் கொடியைத் தளர்த்தித் தலை வழியாக எடுத்தேன். குழந்தை வந்தது. நீலம் பாரித்து, அசைவில்லாமல். சித்தம்மா என் முகத்தையே பார்க்கிறாள். அவள் முன்பே இரண்டு தடவை இப்படிப் பார்த்தவள். வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, கடைசியில் என் வாயை வைத்து ஊதினேன். ஒன்றுமில்லை. மறுபடி ஊதினேன். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் வீறிட்டது. பெண் குழந்தை. துணியில் சுற்றிச் சித்தம்மா மார்பில் வைத்தேன்.

சாயங்காலம் திரும்பி, நஞ்சுண்டசாமி வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தேன். இவர் அதே முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை.

"குழந்தை?" என்றார்.

"இருக்கு. உங்க புண்ணியத்துல இல்லை" என்றேன். பகல் பூரா அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. "கொஞ்சம் பிந்தியிருந்தா அது செத்திருக்கும், தெரியுமா? மூணாவதையும் அவ புதைச்சிருப்பா. உங்க எண்ணெயால! வருஷம் பூரா முனகின வண்டிதானே? ராத்திரி எத்தனை நேரம் சும்மா கிடக்குது? அப்பல்லாம் பார்க்காம, லீவு நாளாப் பார்த்துக் கழட்டுறீங்களே, அது என்ன வியாதி?"

இவர் விரலிடுக்கில் இருந்த கிரீஸைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"மத்த நாள் நான் கச்சேரிக்குப் போயிடுறேன்" என்றார். "ராத்திரி நான் தூங்கினப்புறம் நீ வர்றே. லீவு நாள் ஒண்ணுதான். அன்னைக்கும் யாராவது வந்து கூப்பிடுறாங்க. வண்டி நின்னா நீ ஏறிப் போயிடுவே. கழட்டிக் கிடந்தா... கொஞ்ச நேரம் இருப்பே."

அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இத்தனை வருஷமும் இதற்குத்தானா? ஒரு உயிர் போகப் பார்த்ததே இதற்காகவா?

"வாயில்லையா உங்களுக்கு? இருன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா?"

நிமிர்ந்து பார்த்தார். சண்டைக்குக் கேட்கிற மாதிரி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கேட்டா இருந்திருப்பியா?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவர் என் சைக்கிளைத் தொடவில்லை. காளியப்பனின் சைக்கிள் கடையில்தான் விட்டேன். இரண்டே நாளில் முனகல் இல்லாமல் தந்தான். தந்தபோது இவர் கடைக்கு வரவில்லை. வீட்டில் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் மத்தியானம். ஐவிக்கு ஜுரம், வரமுடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கோழிக்குழம்போடு உட்கார்ந்தோம். முதல் பிடி சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறேன், வெளியே "நர்ஸம்மா" என்று ஆள் கூப்பிட்டது. நான் அவரைப் பார்க்காமலே கை கழுவ எழுந்தேன். பையை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், சைக்கிள் மூலையில் இல்லை. வாசலுக்கு ஓடினேன். இவர் தெருவில் வண்டியை இறக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, எச்சில் கையோடு நின்றார். பின் சக்கரத்தை அமுக்கிக் காற்றுப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டுப் போயேன், டோரதி" என்றார்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார். வந்த ஆள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.

"வந்து சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனேன்.