இரண்டாவது லோடு

சங்கரன்கோவிலில் அரசு நடத்திய ஏற்றுமதிப் பயிற்சிக்கு நான் போனதே, அன்றைக்கு வேறு வேலை இல்லாததால்தான். வாசுதேவநல்லூர்ப் பக்கம் எனக்கு எலுமிச்சைத் தோட்டம். பயிற்சி முடிந்ததும் வேளாண் அலுவலர் அம்மா, துபாய்க்குப் பழம் அனுப்பும் கொச்சி வியாபாரி ஒருவரை அறிமுகம் செய்துவைத்தார். அவர் என் பையிலிருந்த பழம் ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்துவிட்டு, ஒரே அளவில் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

என் ஒருவன் தோட்டத்தால் லாரி நிறையாது. அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டேன். சிறு காம்போடு பறிப்பது, ஈரம் துடைப்பது, அளவு பிரிப்பது எல்லாவற்றையும் அலுவலர் அம்மாவே தோட்டத்துக்கு வந்து காட்டிக்கொடுத்தார். முதல் லோடு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. துபாய்க் கடையில் எங்கள் பழம் அடுக்கியிருந்த படத்தை வியாபாரி போனில் அனுப்பினார். ஊரே வாங்கி வாங்கிப் பார்த்தது.

இரண்டாவது லோடு கேட்டபோது நல்ல கோடை. உள்ளூர் கமிஷன் கடையிலேயே பழத்துக்கு அடிபிடி. பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கொச்சிக்காரருக்கு வாக்கு குடுத்திருக்கோமே?"

"குடுத்தது நெசந்தான். இங்கனயே வெல வருது, துபாய்க்காரன் எனக்கு என்ன சொந்தக்காரனா? மக பிரசவம் வேற நிக்கி. நீயே சொல்லு, நான் என்ன செய்ய?"

மற்றவர்களும் விற்றுவிட்டிருந்தார்கள். வியாபாரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதன்பின் கூப்பிடவும் இல்லை.

அடுத்த பயிற்சியில், ஏற்றுமதி செய்த விவசாயி என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். முதல் லோடோடு பேச்சை நிறுத்தியிருக்கலாம். மனம் கேட்கவில்லை, இரண்டாவதையும் சொன்னேன்.

"பறிக்கவும் பிரிக்கவும் சொல்லிக் குடுத்திய மேடம். உள்ளூர்ல வெல ஏறுனா என்ன செய்யன்னு யாரும் சொல்லலையே."

அலுவலர் அம்மா மைக்கை வாங்கினார். "அதுக்கு எங்ககிட்ட திட்டம் இல்லைங்க. மேல எழுதுறேன்" என்றார். முகத்தில் வருத்தம்தான் இருந்தது. எழுதியிருப்பார் என்றே நம்புகிறேன்.

வெளியே டீக்கடையில், திருவேங்கடத்தில் மிளகாய் போடும் ஒருவர் என்னிடம் வந்தார்.

"அந்த வியாபாரி மிளகா எடுப்பாரா?"

"இம்புட்டையும் கேட்ட பெறவுமா?"

"கேட்டதுனாலதான் கேக்கேன். வெல ஏறுனா எப்படின்னு மொதல்லயே அவருட்ட பேசிருவோம்லா?"

இந்தத் திட்டங்களால் பலன் உண்டா என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வராது. ஆனால் அன்று, வெகு நாளைக்குப் பிறகு, தயக்கத்தோடு கொச்சிக்காரருக்குப் போன் போட்டேன். அவர் எடுத்ததும் போனைத் திருவேங்கடத்துக்காரரிடம் நீட்டினேன்.