ராட்டினம் சுற்றுகிற மாப்பிள்ளை

எங்கள் ஊருக்கு வந்தால் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு அந்த நாளில் நான் ஒரு பதில் வைத்திருந்தேன். முதலில் குளத்தைப் பார்க்கலாம். பிறகு கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். அதுவும் அலுத்தால் எதிர்க்கரைக்குப் போய், இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்கலாம்.

தூத்துக்குடிக்கு மேற்கே சில மைலில் இருந்த சின்ன ஊர். குளம் கார்த்திகையில் நிரம்பும், சித்திரையில் வற்றும். நிரம்பினால் நீச்சல் பழகுவோம். வற்றினால் அதே இடத்தில் சைக்கிள் பழகுவோம். நான் இரண்டையும் பழகினேன். இரண்டிலும் மூழ்கியவன் ஊரில் நான் ஒருவன்தான்; சேறு காயவில்லை என்பதைச் சைக்கிள் என்னிடம் சொல்லவில்லை.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. கரையோரம் ஆழம் போதாது என்று கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கைக் கொண்டுவரும். மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்து "பைய, பைய" என்று சொல்வது என் உத்தியோகம். சொல்லாவிட்டாலும் அவர்கள் பையத்தான் இறக்குவார்கள்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், எங்கள் ஊருக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருந்த பொட்டலில் ஒரு கார்னிவல் வந்து கூடாரம் அடித்தது. குடை ராட்டினம், கிணற்றுச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற ஆள், குண்டனை ஒல்லியாகக் காட்டும் கண்ணாடி, எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, எஞ்சின் வைத்துச் சுற்றும் பெரிய ராட்டினம். திருவிழாக்களில் நாலு பேர் கையால் தள்ளும் தொட்டில் ராட்டினத்தையே பார்த்திருந்த எங்களுக்கு அது பெரிய விஷயம். குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைக் கிழக்கே திருப்பி உட்கார்ந்தார்கள். நான் ஆபீஸ் விட்டு வரும் வழியில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அதில் ஏறிவிடுவேன். வயது இருபத்தாறு. வெட்கப்படத் தெரிந்த வயதுதான்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் ஓட்டப்பிடாரம். ஒரு கல்யாணப் பந்தியில் நான் அவளை முன்பே பார்த்திருந்தேன். மூன்றாம் தடவையாக நான் ரசத்துக்குக் கை நீட்டியபோது, "வாளியை இங்கனயே வச்சுட்டுப் போகட்டா?" என்று கேட்டவள். அதற்கு முன் என்னை யாரும் அவ்வளவு சரியாக எடை போட்டதில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இலை முன்னாலேயே தீர்மானித்தேன். ஆனால் கயத்தாற்றில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவர் வக்கீல் குமாஸ்தா. பெண்ணின் அப்பா எங்கள் இருவரையும் நேரில் பார்த்துவிட்டு ஒருவரைச் சொல்வதாக ஏற்பாடு. கயத்தாற்றைப் பார்த்து முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

பேச்சுத் துணைக்கு என் அக்காள் வீட்டுக்காரர், அத்தான், வந்திருந்தார். வந்தவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடச் சொன்னதும் அவர்தான். யோசித்துப் பார்த்தேன். அவர் அண்ணாச்சி என்றால் அவர் மகள் எனக்கு மகள் முறை. 'மாமா' என்றால் அவசரப்படுகிறேன் என்று ஆகும். ஆகவே அவரை எப்படியும் கூப்பிடாமலே பேசுவது என்று முடிவு செய்தேன்.

காப்பி குடித்தார். குளத்தைப் பற்றி விசாரித்தார். பிறகு சட்டென்று கேட்டார்:

"தம்பி, ராட்டினம் சுத்துத பழக்கம் உண்டுமா?"

கார்னிவலின் புகழ் ஓட்டப்பிடாரம் வரை போய்விட்டதே என்று எனக்கு ஆச்சரியம்.

"உண்டு. வாரத்துல ரெண்டு மூணு நாளு."

அவர் முகம் மலர்ந்தது. "இந்தக் காலத்துப் பிள்ளைய சிகரெட்டும் கையுமால்லா அலையுது! உக்காந்தா எவ்வளவு சுத்துவிய?"

"ஒரே மூச்சுல பத்துச் சுத்து. மொதல்ல தலை கிறுகிறுன்னு வந்துச்சு. இப்பம் பழகிட்டு."

"வெறும் வயித்தோட உக்காருவியளோ?"

"வெறும் வயிறுதான். சாப்பிட்டுட்டு உக்காந்தா கொமட்டும்."

அவர் அத்தான் பக்கம் திரும்பினார். "கேட்டியளா, விரதம் இருந்துல்லா சுத்துதாவ!"

அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத இடத்தில் தலையாட்டுவது அவர் வழக்கம், ஆட்டினார்.

"எம் மவளும் சுத்துவா. விடியக்காலம் எந்திரிச்சதும் மொத வேலை அதான்."

ஓட்டப்பிடாரத்தில் ராட்டினம் இருப்பதே எனக்குத் தெரியாது. "அவங்களுக்குப் பயம் கெடையாதா?" என்றேன்.

"என்ன பயம்? நாப்பத்திரெண்டுல போலீஸ் டேசனுக்கு எதுத்தாப்புல வச்சுச் சுத்துனவல்லா!"

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே அவ்வளவு பெரிய ராட்டினத்தை எப்படி நாட்டினார்கள் என்று யோசித்தேன். அவள் மேல் இருந்த மதிப்பு இரண்டு மடங்காயிற்று.

"ஒங்க ராட்டினத்தப் பாக்கணுமே. எங்கன இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"பொட்டல்ல. வண்டியில போனா கால் மணி நேரம்."

"ஓ, பத்துப் பேரு சேந்து சுத்துத எடமோ?"

"பத்தா? ஒரே நேரத்துல இருவது பேரு!"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். "அப்பம் கெளம்புங்க."

மாட்டு வண்டியில் போனோம். பொட்டலில் இறங்கினதும் அவர் கூடாரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ராட்டினம் எங்கன?" என்றார்.

"இந்தா நிக்குல்லா," என்று கையை உயர்த்தினேன்.

அவர் அடியிலிருந்து உச்சிவரை பார்த்தார். உச்சியில் யாரோ ஒரு பெண் வீறிட்டாள். டிக்கெட் கொடுக்கிற ஆள் என்னைக் கண்டதும், "வாங்க அண்ணாச்சி! ஒங்க தொட்டில் காலியாத்தான் கெடக்கு" என்று சத்தம் போட்டான்.

"நூலு?" என்றார் அவர், மெதுவாக.

"நூலா?"

அப்போதுதான் நான் அவரைப் பார்த்தேன். வேட்டி கதர். சட்டை கதர். தோளில் துண்டும் கதர். காலையிலிருந்து என் எதிரே இருந்தவைதான். என் புத்தி தனக்கு வசதியான நேரத்தில்தான் வந்து சேரும். அவர் 'ராட்டை' என்று கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன். நூற்கிறதும் ராட்டினம், ஆள் ஏறுகிறதும் ராட்டினம் என்று நம் பாஷை சிக்கனம் பிடித்து வைத்திருக்கிறது.

அத்தான் என் காதுக்குள் வந்தார். "ஏலே, கைராட்டினம் எங்க வீட்டுல இருக்கு, அங்கன வந்துதான் நீ நூக்கன்னு சொல்லிருதேன். பேசாம நில்லு."

"வேண்டாம் அத்தான்," என்றேன். யோக்கியதையால் அல்ல. அந்தப் பொய் நிற்க வேண்டுமானால் அதற்கு நூல் வேண்டும். என்னிடம் நூல் இல்லை. அவரிடம் திரும்பி, "நான் சுத்துனது இதத்தான். நூல் ராட்டினத்தக் கையால தொட்டதே கெடையாது" என்றேன்.

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"நான் கேட்டதுக்கு நீங்க ஒழுங்காத்தான் பதில் சொல்லியிருக்கிய. கேட்டவன்தான் சரியாக் கேக்கல. மவகிட்டச் சொல்லுதேன்," என்றார். அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் நிற்காமல் பஸ் ஏறிவிட்டார். "கயத்தாத்துக்காரன் குடுத்து வச்சவன்லே," என்றார் அத்தான்.

எட்டு நாள் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் பஸ் டிரைவர் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே ஒரு கைராட்டினம், பட்டை பட்டையாகப் பஞ்சு, பெண்ணின் அப்பா எழுதிய ஒரு சீட்டு. 'கயத்தாற்றுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் ஒரு சிட்டம் நூல் நூற்று அனுப்பவும்.'

அன்றிலிருந்து ஆபீஸ் விட்டதும் நேரே வீடு. இதுவரை ராட்டினத்தில் நான் உட்கார்ந்தேன். இப்போது அது என் எதிரே உட்கார்ந்துகொண்டது. மெல்லியதாக இழுத்தால் நூல் அறுந்தது. அறாமல் வந்தது நூலாக இல்லை. ஒரு மாதிரியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்த் எனக்குத் தெரிந்த, தோணியை ஓட்டிச்செல்லும் தண்டல் ஒருவரிடம் காட்டினேன். விரலால் நிமிண்டிப் பார்த்தார். "நல்ல உரந்தான் அண்ணாச்சி. நங்கூரத்துக்கா, பாய்க்கா?" என்றார்.

மாதக் கடைசியில் சுற்றிக் கட்டியபோது ஒரு சிட்டம் தேறியது. நான் நூற்றதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. வேறு யாராலும் அப்படி நூற்க முடியாது. அதே பஸ்ஸில் அனுப்பிவைத்தேன்.

நாலாம் நாள் ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. என் நூலாலேயே குறுக்கும் நெடுக்கும் கட்டி, இறுக முடிச்சுப் போட்டிருந்தது. நகத்தால் முயன்றேன். பல்லால் முயன்றேன். கடைசியில் அத்தான் அரிவாள்மணையைக் கொண்டுவந்து அறுத்தார்.

உள்ளே ஒரு கடிதம். தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை முகூர்த்தம் வைத்திருப்பதாகவும், மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம் என்றும் பெண்ணின் அப்பா எழுதியிருந்தார். அவர் கையெழுத்துக்குக் கீழே, வேறு ஒரு கையால், உருண்டை உருண்டையாக ஒரு வரி இருந்தது:

'மாப்பிள்ளை வேட்டிக்கு நூல் இங்கேயே நூற்றுக்கொள்கிறோம். அங்கே சிரமப்பட வேண்டாம்.'