கோட்டுக்கு வெளியே இரண்டு கை

பின்னல் மூன்றாவது தடவையும் அவிழ்ந்துவிட்டது. அவர் சலித்துக்கொள்ளவில்லை. மனைவியின் முடியை மறுபடி வாரி, மூன்று பிரியாகப் பிரித்து, நுனியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மதியச் சாப்பாடு முடிந்து வார்டு அடங்கியிருந்தது. ஜன்னல் திரை உப்பி உப்பித் தணிந்துகொண்டிருந்தது, பின்னால் யாரோ பெரிய ஆள் தூங்குவதுபோல.

"இறுக்கிப் பின்னுங்க. இது தலை, கோல் வலை இல்ல," என்றார் அந்த அம்மா.

"வலை எப்படி இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? வாழ்க்கை பூரா அதுக்கு முதுகைக் காட்டி நின்னவன் நான்."

அது உண்மைதான். அவர் கால்பந்து ஆடிப் பிழைத்தவர். மைதானத்தின் இடது ஓரத்தில் நின்று எதிராளியைத் தடுக்கும் டிஃபெண்டர். முதுகில் மூன்றாம் நம்பர். இப்போது தலை நரைத்து, முழங்கால் தேய்ந்து, பக்கவாதத்தில் இடது பக்கம் செத்துப்போன மனைவிக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டிருந்தார்.

பின்னல் பெரிய காரியமில்லை. பெரிய காரியம் வேறு. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் அந்த அம்மாவைத் தனியாளாக, கீழே விடாமல் மாற்ற அவரால் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். முடியாவிட்டால் பராமரிப்பு இல்லம்தான். மகள் ஏற்கெனவே ஓர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருந்தாள். முடியுமா முடியாதா என்று டாக்டரிடம் அன்று சாயங்காலம் சொல்ல வேண்டியவள் நான். நோயாளியின் வீட்டாருக்குப் பராமரிப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பாவம் பார்த்துச் 'சரி' என்று சொன்னால், இடுப்பெலும்பு முறிந்து அதே வார்டுக்குத் திரும்பி வருவார்கள். நிறையப் பேரைப் பார்த்தாகிவிட்டது.

அவரிடம் குறை சொல்ல முதலில் ஒன்றுமே இல்லை. கால்களை அகட்டி நிற்பார். முழங்காலை மடக்கி உடம்பைத் தாழ்த்துவார். அவசரப்பட மாட்டார். மனைவியின் பலமில்லாத இடது முழங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்று பார்த்து, அங்கே தன் முழங்காலை முன்கூட்டியே வைத்துவிடுவார். இதையெல்லாம் மற்றவர்களுக்கு வாரக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் அந்த அம்மா எழுந்து, பாரம் அவர் பக்கம் சாய்கிற அந்த நொடியில் இரண்டு கையும் தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். போய், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

அன்று காலையிலும் அப்படித்தான் ஆனது. நான் பக்கத்தில் நின்றதால், பிடித்துக்கொள்வதற்காக அந்த அம்மாவின் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"கை எங்க சார்?" என்று கத்தினேன்.

"பின்னாடி இருக்கு," என்றார், தொலைத்த பொருள் கிடைத்தவர்போல.

"எனக்கு ஒரு கை வரல. இவருக்கு ரெண்டும் வரல. நல்ல ஜோடி," என்று அந்த அம்மா சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று அவர் பின்னிக்கொண்டே சொன்னார். இளைஞனாக இருந்தபோது, அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்குமா தப்புமா என்கிற கடைசி ஆட்டம். முடியப்போகும் நேரம். கோலுக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள் நின்றிருந்தார். எதிராளி உதைத்த பந்து அவர் கையில் பட்டது. விசில், பெனால்டி, கோல். அணி இறங்கிவிட்டது.

"பந்து வேகமாத்தான் வந்திருக்கும் சிஸ்டர். ஆனா எனக்கு இன்னைக்கும் அது மெதுவாத்தான் வருது. சுத்திக்கிட்டே வருது. மேல இருக்கிற தையல்கூடத் தெரியுது. கையை எடுத்திருக்கலாம், நேரம் இருந்துதுன்னுதான் தோணுது."

அதற்குப் பிறகு பயிற்சியாளர் ஒரு துண்டை எடுத்து அவர் கைகளைப் பின்னால் கட்டி ஓடவிட்டார். சில மாதத்தில் துண்டு தேவைப்படவில்லை. பந்தோடு யாராவது நெருங்கி வந்தால் போதும், கை பின்னால் போய்விடும். ரசிகர்கள் 'கைகட்டி' என்று பெயர் வைத்தார்கள். 'கைகட்டி! கைகட்டி!' என்று அரங்கமே கூப்பிடுமாம். முதலில் கேலிக்கு, பிறகு செல்லமாக. கோல் போட்டவர்கள் எல்லாம் வந்து வந்து போனார்கள். முடி நரைக்கத் தொடங்கும்வரை அவர் அதே ஓரத்தில் நின்றார். அவர் ஞாபகத்தில் அந்த வருடங்கள் எல்லாம் ஒரே நீண்ட மாலை நேரம்போல இருக்கின்றன. விளக்குகள் எரிகின்றன, புல் ஈரமாக இருக்கிறது, சத்தம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல வருகிறது, யாரோ ஓடி வருகிறார்கள்.

அந்த அம்மா அணியின் தையல்காரி. ஜெர்சிகளில் நம்பர் தைத்தவர்.

"மூணு தைக்கறது பெரிய இம்சை சிஸ்டர், வளைவு வளைவா. இவரோட நம்பர் மட்டும் வாராவாரம் பிஞ்சு வரும். அப்புறம்தான் தெரிஞ்சுது, பிளேடு வெச்சு இவரே பிரிச்சிருக்கார்."

"வேற எப்படிடி உன்னை வந்து பார்க்கறது?"

"வாயத் திறந்து கேட்டிருக்கலாம். கல்யாண போட்டோவைப் பாருங்க, அதுலயும் கை பின்னாடி. ஊனமுற்றவரைக் கட்டிக்கிட்டியான்னு என் சித்தி கேட்டாங்க."

பின்னல் ஒருவழியாக நின்றது. அந்த அம்மா மாத்திரை மயக்கத்தில் கண்ணயர்ந்தார். தூக்கத்துக்கு முன்னால் தன் இடது கையைப் பார்த்து, "இவங்க எப்ப வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டார், விருந்தாளியைப் பற்றிக் கேட்பதுபோல. பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு அப்படித் தோன்றும். அவர் திருத்தவில்லை. அந்தக் கையைத் தூக்கித் தலையணைமேல் வைத்துவிட்டு, நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

நான் பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய கால் மெல்ல அசைந்தது. பிறகு கைகள் மடியிலிருந்து எழுந்தன. தலைக்குப் பின்னால் போய், அங்கிருந்து சேர்ந்தே முன்னால் வந்தன. காற்றில் ஒன்றைப் பிடித்ததுபோல நின்றன. கண்ணைத் திறந்தார்.

"பந்து வெளிய போயிடுச்சு," என்றார்.

"எங்க?"

"கோட்டுக்கு வெளிய. நான் எடுக்கப் போனேன். வெளிய ஒரே அமைதி. புல்லு முழங்கால் உயரம். பந்தைக் கையால எடுத்தேன், யாரும் விசில் அடிக்கல." கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "த்ரோ சிஸ்டர். பந்து ஓரக்கோட்டைத் தாண்டிட்டா கையாலதான் எறியணும். அது என் வேலை. எங்க பக்கம் எல்லா த்ரோவும் நான்தான். ரெண்டு காலும் தரையில இருக்கணும். ரெண்டு கையும் சேர்ந்து, பின்னாலேர்ந்து முன்னால வரணும். ஒரு கை மட்டும் வந்தா தப்பு."

நான் சொல்லிக்கொடுப்பதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அதை யோசிக்க அவர் எனக்கு நேரம் தரவில்லை. "வெள்ளை டேப் இருக்கா?" என்று எழுந்துவிட்டார்.

கட்டுப் போடும் வெள்ளை டேப்பைக் கொடுத்தேன். கட்டிலுக்கு ஓரடி தள்ளித் தரையில் நேராக ஒட்டினார். சக்கர நாற்காலி நிற்கும் இடத்தில் மைதானத்தின் மூலைபோலத் திருப்பினார். தேய்ந்த முழங்காலோடு குனிந்து அதைச் செய்ய வெகுநேரம் ஆனது. மனைவி விழித்துப் பார்த்தார்.

"என்ன, ஆஸ்பத்திரியை அளக்கறீங்களா?"

"நீ உள்ள. நான் வெளிய. எந்திரி."

கோட்டுக்கு வெளியே நின்றார். கால் விரல்கள் கோட்டைத் தொட்டன. அந்த அம்மா முன்னால் சாய்ந்து எழுந்தார். பாரம் வந்தது. கைகள் பின்னால் போகவில்லை. இடுப்புப் பட்டையில், இரண்டு பக்கமும், ஒரே நேரத்தில் விழுந்தன.

நான் பாராட்டவில்லை. ஒரு தடவை சரியாக வருவது கணக்கில் சேராது. திரும்பத் திரும்பச் செய்யவைத்தேன். பிறகு டேப்பை உரிக்கச் சொல்லிச் செய்யவைத்தேன். கை பின்னால் போய்விட்டது. மறுபடி ஒட்டினார்.

சாயங்காலம் மகள் வேலையிலிருந்து நேராக வந்தாள். கோட்டைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது.

"என்னப்பா விளையாட்டு இது? சிஸ்டர், நான் சைக்கிள் கத்துக்கிட்டப்போ இவர் பக்கத்துலயேதான் ஓடி வந்தார். விழறப்ப தொடையைக் குடுத்தார், கையைக் குடுக்கல. பல்லு போச்சு. இவரை நம்பி எப்படி அம்மாவை அனுப்பறது?"

"பால்பல்லுதானே," என்றார் அவர்.

"அப்பா!"

"நின்னு பாரும்மா," என்றேன். "நானும் கிட்ட நிக்கிறேன்."

அவர் கோட்டுக்கு வெளியே போனார். அந்த அம்மா எழுந்தார். பாதித் திருப்பத்தில், நான் எதிர்பார்த்து பயந்த மாதிரியே, இடது முழங்கால் விட்டுவிட்டது. உடம்பு சரிந்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவர் தொடை அங்கே இருந்தது. அந்த அம்மா அதன்மேல் உட்கார்ந்தார். ஆனால் இந்தத் தடவை கைகளும் இருந்தன. பட்டையை விடாமல், இழுக்காமல், அவசரமில்லாமல் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி உட்காரவைத்தார். விழுகிற ஆளைத் தூக்கி நிறுத்தப் பார்க்காமல் தன் காலில் வாங்கி இறக்க வேண்டும் என்பதுதான் பாடம். அதில் பாதியை அவர் மகள் சைக்கிள் கற்றபோதே செய்திருக்கிறார்.

மகள் கட்டிலருகே வந்தாள். அம்மாவின் அவிழ்ந்த பின்னலை எடுத்து முன்னால் போட்டாள்.

"யாரு பின்னினது, கேவலமா இருக்கு?"

"உங்கப்பன்தான். நாளைக்கு இன்னும் கேவலமாப் பின்னுவார். வீட்டுல," என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"கோடு இல்லாம இவரால முடியாது," என்றேன். "கட்டில்கிட்ட, கழிப்பறைகிட்ட, நீங்க உட்கார்ற நாற்காலிகிட்ட, எல்லா இடத்துலயும் கோடு வேணும். பெயிண்ட் அடிக்காதீங்க, வழுக்கும். டேப்தான். விளிம்பு தூக்கினா அன்னைக்கே மாத்தணும். இதுக்கெல்லாம் சரின்னா டாக்டர்கிட்ட சொல்றேன்."

"இல்லத்துக்கு நான் போன் பண்ணிடறேன்," என்றாள் மகள். யாரையும் பார்க்காமல், வெளியே போய்ப் பேசினாள்.

மறுநாள் காலை நான் அந்த அம்மாவை ஆஸ்பத்திரி வண்டியில் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனபோது படுக்கையறையில் மகள் முட்டி போட்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் கைகட்டி நின்று, "அங்க கோணலா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அப்ப நீங்களே ஒட்டுங்க," என்றாள். ஆனாலும் உரித்து, நேராக்கி, விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்து அழுத்தினாள். நான் அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் உருட்டிவந்து கட்டிலோடு சேர்த்து நிறுத்தி பிரேக் போட்டேன். அவர் வந்து கோட்டுக்கு வெளியே நின்றார்.