சாரலில் நிறுத்தாமல் போனேன்

என்னிடம் இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய கார் ஒன்று இருக்கிறது. கூரை கிடையாது. வேண்டும்போது பின்னாலிருந்து இழுத்து மாட்டிக்கொள்ளத் துணிக்கூரை உண்டு. தரையோடு தரையாக இருப்பதால் பார்க்கிறவர்கள் பந்தயக் கார் என்று நினைத்துக்கொள்வார்கள். முன்மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது மளிகை வாங்கப் போகிற சாதாரணச் சிறிய காரின் எஞ்சின்தான். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற வருடம், கேரளத்தில் ஒருவர் ஓட்டிவிட்டு விற்றதைச் செங்கோட்டைத் தரகர் மூலம் வாங்கினேன். புதிதாக ஒரு குடும்பக் கார் வாங்கியிருந்தால் இதைவிடக் கூடுதல் ஆகியிருக்கும்.

தென்காசியில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்த அன்று எதிர்வீட்டுக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, பாதி வண்டிதான் வந்திருக்கு. மீதி எப்ப வரும்?"

பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார். "சாரு இதுல உக்காந்திருவாக. எந்திரிக்கத்தான் ரெண்டு ஆளு வேணும்."

"எந்திரிக்க முடியாட்டி அங்கனயே கெடக்கட்டும். சோத்தை வண்டிக்கே கொண்டாந்து குடுக்கேன்" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இரண்டு இருக்கை வண்டியை வாங்கியதற்கு நான் யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் கார் இருந்தால் அது தெருவுக்கே கார். ஆஸ்பத்திரிக்குக் கேட்பார்கள், கல்யாணத்துக்குக் கேட்பார்கள். சீசன் தொடங்கினால் போதும், வெளியூர் உறவினர்கள் துண்டும் எண்ணெயுமாக வந்து இறங்குவார்கள், குற்றாலத்துக்குக் கூட்டிப்போகவேண்டும். என் பழைய காரில் முப்பது வருடம் அதைச் செய்தேன். இனி யாரையும் ஏற்றவேண்டாம் என்று நினைத்தேன். "ரெண்டு சீட்டுதான்" என்று சொல்லிவிடலாம். யாரும் வருத்தப்பட முடியாது.

ஆனால் அந்த வண்டி தந்த சந்தோஷம் பொய் இல்லை. என் பழைய மாணவன் ஒருவன் பெரிய வெளிநாட்டுக் காரில் வந்து ஒருமுறை என்னை ஏற்றிக்கொண்டு போனான். எண்பதில் போவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதன் வலுவில் கால்வாசியைக்கூட நம் சாலையில் யாரும் பயன்படுத்த முடியாது. என் வண்டி அப்படியில்லை. ஐம்பதிலேயே காற்று காதில் இரையும். ஆட்டோக்காரர் மாடியிலிருந்து பார்ப்பது போலப் பார்ப்பார். வயலிலிருந்து ஏறிவரும் எருமையின் கண்ணும் என் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும். புளியரைக்கு மேலே மலைப்பாதையின் வளைவுகளில் எஞ்சினிடம் இருப்பது அத்தனையையும் கேட்டு வாங்கவேண்டும். இரண்டாவது கியர், மூன்றாவது, மறுபடி இரண்டாவது. சட்டத்தையும் மீறவில்லை, ஒருவரையும் முந்தவில்லை, ஆனாலும் மனிதன் பறக்கிறான். அறுபது வயதுக்கு மேல் இப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் மனைவிக்கும் அது பிடித்திருந்தது. ஆனி, ஆடியில் சாயங்காலங்களில் கூரையைப் போடாமலே போவோம். சாரல் விழுந்துகொண்டிருக்கும். வேகமாகப் போகும் வண்டியில் முன்கண்ணாடி காற்றை மேலே தள்ளும், அந்தக் காற்றோடு பொடிச் சாரலும் தலைக்கு மேலாகப் போய்விடும், நின்றால்தான் நனைவோம் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கையை மேலே நீட்டிப் பார்த்தாள். விரல்நுனி நனைந்தது, தலைமுடி நனையவில்லை. "வாத்தியார் வேலை பாத்ததுக்கு இன்னைக்குத்தான் பிரயோசனம்" என்றாள்.

அவளுக்கு ஒரே தம்பி. கடையத்தில் விவசாயம் பார்க்கிறான். எங்கள் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனான அவனை நாங்கள் இருவரும் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கவேண்டும். எனக்குத் தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருந்தது. அழைப்பிதழை ஓர் உறவினரிடம் கொடுத்தனுப்பினேன். அவன் வரவில்லை. மாமன் போடவேண்டிய மாலையை வேறு ஒருவர் போட்டார். அதன் பிறகு ஏழு வருடம் அக்காவும் தம்பியும் பேசவில்லை. அவள் இரண்டு முறை கடையம் வரை போய், வீட்டுக்குள் நுழைய மனமில்லாமல் திரும்பியிருக்கிறாள். மூத்தவள் நானாகப் போனால் என் புருஷன் செய்தது சரியில்லை என்று ஆகிவிடும், அவனாக ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும் என்பாள். அந்த ஒரு கூப்பிடலுக்காகத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று சீசனுக்கு முன்பு, ஆனி மாதம் ஒரு முகூர்த்த நாள். குற்றாலத்திலிருந்து இலஞ்சி வழியாகச் செங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தோம். இலஞ்சி கோயிலில் கல்யாணம் முடிந்த கூட்டம் பேருந்துக்காக நின்றது. அவள் தம்பி சாலையோரம் தாம்பூலப் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றான். எங்கள் வண்டியைப் பார்த்தான். ஒரு நொடி தயங்கியிருப்பான் போல. பிறகு பையைக் கீழே இறக்கிவிட்டு வலது கையைத் தூக்கினான்.

"ஏங்க, தம்பி நிக்கான். கை காட்டுதான். நிறுத்துங்க."

"இங்கன நிறுத்துனா ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சிருவோம். கொஞ்சம் தள்ளிப் போய்க் கூரையைப் போட்டுட்டுத் திரும்பி வருவோம்."

"நனைஞ்சா நனையட்டும். நிறுத்துங்கன்னு சொல்லுதேன்லா!"

"அவனை ஏத்த இடம் எங்க இருக்கு?"

நான் நிறுத்தவில்லை. கூரையை மாட்டித் திருப்பிக்கொண்டு வர பத்து நிமிடம் ஆகியிருக்கும். நிறுத்தத்தில் யாரும் இல்லை. அவள் குடையில்லாமல் இறங்கி, கோயில் வாசல் வரை நடந்து பார்த்துவிட்டு வந்தாள். முழுக்க நனைந்திருந்தாள். கைபேசியில் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. "அக்காவ பாத்துக் கை தூக்குனேன். மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டா" என்று பேருந்தில் சொல்லிக்கொண்டு போனானாம். இரண்டு நாளில் எங்களுக்குச் செய்தி வந்துவிட்டது.

பின்னால் லாரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது, ஈரச் சாலையில் பிரேக் போட்டிருந்தால் இழுத்திருக்கும் என்று அவளிடம் சொன்னேன். லாரி இல்லை. சாலை காலியாக இருந்தது. நிறுத்தத்தைத் தாண்டியதும் ஒரு வளைவு வரும். அதற்காக அப்போதுதான் மூன்றாவது கியருக்கு இறக்கியிருந்தேன். எஞ்சின் நல்ல சுதியில் இருந்தது. அந்த வளைவை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மழை, கூரை, இடம் என்று சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு வாயில் வந்தவை. நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்காக அதைச் செய்தேன். அந்த வேகத்தில் போகிறவன் நினைத்தால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

அவள் சண்டை போடவில்லை. அதன் பிறகு வண்டியில் ஏறுவதும் குறைந்துபோனது. முழங்கால் வலி என்றாள்.

போன மாதம் தனியாகக் கடையத்துக்குப் போனேன். வெற்றிலை பாக்குத் தட்டோடு போனேன். அவன் தொழுவத்தில் இருந்தான். உட்காரச் சொன்னான், மோர் கொடுத்தான். கல்யாணத்துக்கு நேரில் வராததையும் இலஞ்சியில் நடந்ததையும் சொன்னேன். அவள் நிறுத்தச் சொன்னாள், நான்தான் நிறுத்தவில்லை என்றேன். அதைச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், "கூரை இல்லாத வண்டி மாப்ள, நின்னா நனைஞ்சிருவோம்" என்றும் சேர்த்துவிட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"நானும் நனைஞ்சுக்கிட்டுத்தான நின்னேன், அத்தான்."

நான் தட்டை நீட்டினேன். அவன் தட்டை வாங்கிக்கொண்டான். மரியாதைக்கு வாங்கினான் என்று தெரிந்தது. வாசல் வரை வந்து, "அக்காவ வரச் சொல்லுங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். லாரி இல்லை என்பதையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"லாரி இல்லன்னு எனக்குத் தெரியும். நான் திரும்பித் திரும்பி அவனைத்தான பாத்துக்கிட்டே வந்தேன்."

மூன்று வருடம் அந்தப் பொய்யை அவள் எனக்காக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "வரச் சொன்னானா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். "ஆமா" என்றேன். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, பூவும் பழமும் வாங்க வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு, கடையம் வரைக்கும் கொண்டுவிடுகிறேன் என்றேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. கூரையை இப்போதே போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"வேண்டாங்க. நான் பஸ்ஸுலயே போயிருதேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. குடையை விரித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து, பேருந்து நிறுத்தத்துப் பக்கம் திரும்பினாள். நான் சாவியோடு வாசலில் நின்றேன்.