பைப்பு அண்ணன் வீட்டுக் குளியலறை

கையில் நூறு இருந்தால் எழுபதுக்குத்தான் திட்டம் போட வேண்டும் என்பது பைப்பு அண்ணனின் வேதம். இடித்துப் பார்க்கும்வரை சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கட்டினவனுக்கே தெரியாது. மீதி முப்பது அதற்கு. முதலில் தண்ணீர் வெளியே போகிற வழி, அடுத்து உள்ளே வருகிற வழி, டைல்ஸும் கண்ணாடியும் கடைசியில். ஊரில் யார் குளியலறையை மாற்றுவதென்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காதில் செருகிய பென்சிலை எடுத்து, ஏதாவது ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் கணக்குப் போட்டு, "இதுக்கு மேல எவனாச்சும் கேட்டா என்கிட்ட சொல்லுங்க" என்று கொடுத்துவிட்டு வருவார். ஒரு வாஷரில்கூட ஏமாற்றமாட்டார். தங்கமான மனுஷன்.

அந்தத் தங்கத்தைக் கட்டிக்கொண்டவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். நின்றே வேலை பார்த்து முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. வீட்டில் இருப்பதோ குத்தவைத்து உட்காரும் பழைய பீங்கான். உட்கார்ந்தால் எழ முடியாது. எழ வேண்டுமென்றால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தொங்க வேண்டும். பைப்புக்காரர் வீட்டுக் குழாய் அல்லவா, அதுவும் ஆடும். சலவைக் கடையில் வெஸ்டர்ன் இருந்தது. ஆகவே உடம்பைக் கடை நேரத்துக்குப் பழக்கிக்கொண்டாள். சாயங்காலம் கடையை விட்டுக் கிளம்பினால் மறுநாள் காலைவரை தண்ணீர் குடிப்பதில்லை. விடுமுறை நாட்களில் உதடு வெடித்துவிடும். கடைசியில் சிறுநீரில் ரத்தம் வந்து டாக்டரிடம் போனபோது, "தண்ணி நிறைய குடிங்க, குத்தவைக்காதீங்க" என்றார் அவர், ஏதோ இரண்டும் அவள் கையில் இருப்பதுபோல.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். அந்த வரிசையில் பைப்புக்காரர் பெண்டாட்டியைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

அவர் மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். "நம்ம வீட்டுக்குப் போய் காசு குடுத்து வாங்குவாங்களா? வேலை பார்க்கிற இடத்துல கழட்டறதுல நல்லதா ஒண்ணு வரட்டும்" என்பதுதான் அவர் திட்டம். கழற்றியவையெல்லாம் மொட்டைமாடிக்கு வந்தன. வந்த வேகத்தில் போகவும் செய்தன. பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்று எந்த வாடிக்கையாளர் மூக்கால் அழுதாலும், "எங்க வீட்ல ஒரு பேசின் சும்மா கிடக்கு, கொண்டாரேன்" என்று சொல்லிவிடுவார். ஊரில் பாதி வீடுகளில் அவளுடைய குளியலறை ஆளுக்குக் கொஞ்சமாக மாட்டிக்கிடந்தது.

டாக்டர் சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் உறைத்தது. ஒரு பெரிய வீட்டில் நிறம் பிடிக்கவில்லை என்று கழற்றிய வெஸ்டர்ன், கீறல்கூட இல்லை, அதைப் பத்திரமாக ஏற்றிக்கொண்டு வந்தார். அட்டையைக் கிழித்து முதல்முறையாகத் தன் வீட்டுக்குக் கணக்குப் போட்டார். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்ற வேண்டும், சுவரில் கைப்பிடி, தரைக்கு வழுக்காத டைல்ஸ். அவள் அந்த வெஸ்டர்னைத் தேய்த்துக் கழுவி, பழைய புடவையால் மூடிவைத்தாள். கடைக்குப் போகுமுன் புடவையை விலக்கி ஒருதடவை பார்ப்பாள். இந்த வயதில் ஆசைப்பட வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று தன்னையே கேட்டுச் சிரித்துக்கொள்வாள்.

ஒருநாள் கடையிலிருந்து திரும்பி வந்தபோது புடவை மட்டும் மடித்துப் படியில் வைத்திருந்தது.

"அக்கா வீட்ல வேலை பாதியில நிக்குதும்மா. மருமக வேற வரப் போறா. கையில காசு இல்லேன்னு அழுவுறா. கூடப் பிறந்தவகிட்ட எப்படி இல்லேன்னு சொல்றது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்னா சொல்லப் போற? உன் மனசு எனக்குத் தெரியாதா? அடுத்த மாசமே வேற ஒண்ணு கிடைக்கும், பாரு."

வரப்போகிற மருமகளுக்கு இளம் முழங்கால். அவள் குத்தவைக்கலாம், குதிக்கலாம், மாடிப்படியில் ஓடலாம். அந்தப் பெண்ணைச் சொல்லி என்ன பயன்? தன் மனசு தெரிந்த மனுஷனுக்குத் தன் முழங்கால் தெரியவில்லை.

இனி இவரை நம்பினால் கதைக்கு ஆகாது என்று, இஸ்திரிக் காசில் சேர்த்ததை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு பிளம்பரிடம் போனாள். எழுபதுக்குத் திட்டம், முப்பது கையிருப்பு. கேட்டுக் கேட்டு அந்தக் கணக்கு அவளுக்கும் மனப்பாடம். அவனும் நன்றாகத்தான் பேசினான். எந்த வீடு என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டான்.

"அண்ணன் வீடா? என்னை மாட்டிவிடாதீங்க அண்ணி. ஒரு பிளம்பர் வீட்ல இன்னொரு பிளம்பர் கை வைக்கிறதில்ல. வச்சா நாளைக்கு என்னை ஒருத்தனும் வேலைக்குச் சேர்க்கமாட்டான்."

"அவர் செய்யமாட்டேங்கிறாரே தம்பி."

"அது உங்க வீட்டு விஷயம். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும், கூலியே வாங்காம செஞ்சு தரேன்."

அடுத்தவனும் அதையேதான் சொன்னான். அதற்கும் அடுத்தவன் அவளைக் கண்டதுமே கடைக்குள் போய்விட்டான். காசை நீட்டினால் ஊரில் எவளுக்கும் கக்கூஸ் கட்ட ஆள் வருவான், பைப்பு அண்ணன் பெண்டாட்டிக்கு மட்டும் வரமாட்டான்.

விஷயம் அன்றைக்கே அவர் காதுக்குப் போனது.

"என் மானத்தை வாங்கிட்டியே. கண்டவன் வாசல்ல போய் நின்னு, என் வீட்டுக்காரருக்குத் துப்பில்லன்னு சொன்னியா?"

"துப்பிருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அதான் எவனும் வரல."

மறுநாள் காலையில் தெருவே கேட்கிற மாதிரி சம்மட்டியால் அந்தப் பழைய பீங்கானை உடைத்தார். தரையைப் பெயர்த்தார். "ரெண்டே நாள்ல முடிச்சுக் காட்டறேன்" என்று அவளைப் பார்த்து அல்ல, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். மத்தியானம் போன் வந்தது. ஒரு லாட்ஜில் மெயின் லைன் வெடித்துவிட்டதாம். சம்மட்டியை அப்படியே சாத்தி வைத்துவிட்டு ஓடினார். அந்த லாட்ஜில் ஒன்று மாற்றி ஒன்று வேலை வந்தது. மாதம் திரும்பியும் வீட்டில் குழி குழியாகவே கிடந்தது. அவள் பக்கத்து வீட்டில் போய் நின்றாள். முதல் வாரம் "இதுக்கென்ன கேட்டுக்கிட்டு" என்றவர்கள், அடுத்த வாரம் கேட்காத மாதிரி இருந்தார்கள். "அண்ணன் வீட்லயும் வேலை நடக்குதாமே" என்று தெருவுக்கு மட்டும் சந்தோஷம்.

சலவைக் கடைக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை வாடகைக்கு இருந்தது. வீட்டுக்கார அம்மாள் ஜன்னலையும் காற்றையும் காட்ட வந்தாள். இவள் நேரே குளியலறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "சரி" என்றாள். ஒரே ஒரு பையோடு குடிவந்தாள். வந்து சேர்ந்த சாயங்காலம் ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள்.

ஒரு வாரம் கழித்து, வேலையிலிருந்து அப்படியே கருவிப்பையோடு அவர் படியேறி வந்தார்.

"ஊரே சிரிக்குது. கேவலம் ஒரு கக்கூஸுக்காக வீட்டை விட்டு வருவாங்களா?"

"கேவலம்தான். அதுகூட எனக்கு இல்லாமப் போச்சே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். "ஃப்ளஷ் டேங்க் ஒழுகுது" என்றார்.

"வந்ததுலேர்ந்து ஒழுகுது. வீட்டுக்காரம்மா யாரையோ வரச் சொல்லியிருக்காங்க."

அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். வால்வை மூடினார், பையிலிருந்து புது வாஷரை எடுத்து மாற்றினார். ஆடிக்கொண்டிருந்த இருக்கையை முடுக்கி, உள்ளங்கையால் அழுத்திச் சோதித்தார். சிந்திய தண்ணீரைத் தன் துண்டாலேயே துடைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஒன்றைச் சரிசெய்து அவள் பார்த்ததே இல்லை. எவ்வளவு பொறுமை, எவ்வளவு சுத்தம். ஊரார் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அழுகை முட்டியது, ஆத்திரம் அதைவிட முட்டியது.

அவர் எழுந்து, பிடியை அழுத்திவிட்டுத் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பர்ஸைத் திறந்தாள். "எவ்வளவு ஆச்சு?"

கையைத் துடைத்தபடியே, பழக்க தோஷத்தில், அவர் கூலியைச் சொன்னார். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் காசை எண்ணி நீட்டினாள்.